மந்திரிச்சு விட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை: 'சார்ம்ட்'

கிரிக்கெட் மேட்ச்ச இங்கிலீஷ் கமெண்ட்ரியோட பாக்குறவங்களுக்கு இந்த வார்த்தை கண்டிப்பா காதுல விழுந்திருக்கும். பேட்ஸ்மேன் அப்பதான் வந்து நின்னிருப்பான், ஸ்லிப்ல கையில விழுந்த கேட்ச்ச விட்டிருப்பாங்க, அடுத்த ஓவர்ல பந்து பேட் ஓரத்துல பட்டு ஸ்டம்ப்ப ஒரு நூல்ல தப்பி பவுண்டரிக்கு ஓடியிருக்கும், அப்புறம் பாதி பிச்சுல மாட்டிக்கிட்டு நின்னவன் த்ரோ தப்புனதால பொழச்சிருப்பான், உடனே பாக்ஸ்ல உக்காந்திருக்குற ஒருத்தர் இவருக்கு இன்னைக்கு 'சார்ம்ட் லைஃப்'னு சொல்லுவார். காரைக்குடியில எங்க வீட்டுல இத கேட்டுட்டு அக்கா மகன் "சார்ம்னா அழகுதானே மாமா, இவன் ஆடுறதுல என்ன அழகு இருக்கு"ன்னான். நியாயமான கேள்விதான். சார்மிங்னா வசீகரமானன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க, கதைப் புத்தகத்துல பிரின்ஸ் சார்மிங் அழகான இளவரசன், அப்புறம் கேட்ச் விட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. ஆனா அழகு வழியா போனா கிடைக்காது. இந்த வார்த்தைக்கு அழகுங்கிறது பின்னாடி வந்து ஒட்டுன அர்த்தம், முதல் அர்த்தம் மந்திரம். 'சார்ம்ட்'னா மந்திரிச்ச. மந்திரிச்ச கயிறு, மந்திரிச்ச எலுமிச்சம்பழம், மந்திரிச்சு விட்ட கோழின்னு நாம சொல்றோமே, அதே பெயரெச்சம் பாணிதான். அதாவது அந்த ஆளுக்கோ பொருளுக்கோ மேல யாரோ ஒருத்தர் ஏதோ சொல்லியிருக்காங்க, அது இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. லக்கிங்கிற வார்த்தையில இந்த 'யாரோ ஒருத்தர்' கிடையாது. என்னோட பார்வையில இந்த ரெண்டு வார்த்தைக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் இதுதான், ஆனா டிக்ஷனரியில ரெண்டையும் அதிர்ஷ்டசாலின்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க.

வேர் எங்க இருக்குன்னு பாத்தா லத்தீன்ல 'கார்மென்'. அதுக்கு அர்த்தம் பாட்டு. செய்யுள். ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் எழுதுன கவிதைகளுக்கு கார்மினான்னுதான் பேரு, பாட்டுகள்னு பன்மை. பாடுறதுக்கு லத்தீன்ல 'கானெரே', அதுல இருந்து கான்மென்னு ஒரு சொல் உண்டாகி அது வாயில புரண்டு கார்மென் ஆச்சுன்னுதான் மொழி ஆராய்ச்சிக்காரங்க பொதுவா சொல்றாங்க. அதே கார்மெனுக்கு இன்னொரு அர்த்தம் மந்திரம், உச்சாடனம். ரெண்டு வேற வேற வார்த்தை இல்ல, ஒரே வார்த்தைதான், பழைய ரோமாபுரிக்காரனுக்கு சந்தத்தோட சொன்னா அது பாட்டு, அதையே ஒருத்தரைக் குறி வச்சு சொன்னா மந்திரம். இன்னொரு ரோமாபுரிக் கவிஞர் வெர்ஜில் ஒரு கவிதையில கார்மினாவுக்கு வானத்துல இருந்து நிலாவையே இறக்குற சக்தி உண்டுன்னு எழுதியிருக்கார். அங்க இருந்து பழைய பிரெஞ்சுல 'ஷார்ம்' ஆகி, கிட்டத்தட்ட 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்து சார்ம் ஆச்சு. வந்தப்ப அதுக்கு உச்சாடனம்னு மட்டும்தான் அர்த்தம், அழகு கிழகு எதுவும் இல்ல.

என்சான்ட்டும் இதே குடும்பம்தான். லத்தீன் 'இன்கான்டாரே', அதாவது ஒருத்தர் மேல பாடுறது. மேல பாடுனா மயங்கிடுவாங்க, அதனால என்சான்டட்னா மயங்குன.

இத படிக்கும்போது நமக்கு ஆச்சரியமா இருக்கணுமா என்ன? தொல்காப்பியத்துல மந்திரத்துக்கு இலக்கணம் சொல்ற நூற்பா எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க, சாமி பூதம் பத்தின இடத்துல இல்ல, செய்யுளியல்ல. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல்னு ஏழு வகையா அடுக்கிட்டு அந்த வாய்மொழின்னா என்னன்னு விளக்கும்போது "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப"ன்னு சொல்றார். பிசின்னா விடுகதை, முதுசொல்னா பழமொழி, அந்த வரிசையில மந்திரமும் ஒரு இலக்கிய வகை. காரைக்குடி கம்பன் மணிமண்டப வளாகத்துல தமிழ்த்தாய் கோயில் இருக்குல்ல, அங்க ஒலித்தாய், வரித்தாய்னு தனித்தனியா வச்சிருக்காங்க, சொல்ற சத்தம் ஒண்ணு, எழுதுற எழுத்து ஒண்ணு. கார்மென்காரங்க வந்திருந்தா நேரா ஒலித்தாய் முன்னாடிதான் போய் நின்னிருப்பாங்க.

ரோமாபுரியில இதுக்கு சட்டமே இருந்துச்சு. கி.மு. 451, 450 வாக்குல எழுதி வச்ச பன்னிரண்டு பலகைச் சட்டத்துல 'கெட்ட கார்மென்' பாடுறவனுக்கு தண்டனை உண்டு. அடுத்தவன் வயல்ல விளைஞ்சத மந்திரம் போட்டு தன் பக்கம் இழுத்துக்கிறதும் குத்தம். இந்த கெட்ட கார்மென் என்னங்கிறதுல அறிஞர்களுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் சண்டை, செய்வினை மந்திரம்னு ஒரு கட்சி, ஒருத்தரை அவமானப்படுத்தி ஊருக்குள்ள பாடுற வசைப்பாட்டுன்னு இன்னொரு கட்சி. நம்ம ஊர்க்காரங்கள கேட்டா ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. அறம் பாடுறதுன்னு நாம சொல்றது வேற என்ன? காளமேகப் புலவர் கோவத்துல பாடி திருமலைராயன்பட்டினத்துல மண்மாரி பெய்ய வச்சாருன்னு கதை இருக்கு, அது திட்டா, பாட்டா, மந்திரமா? மூணும்தான்.

இங்கிலீஷுக்கு பிரெஞ்சு வந்து சேர்றதுக்கு முன்னாடி, அதாவது 1066ல நார்மன்காரங்க வர்றதுக்கு முன்னாடி, அவங்க சொந்த வார்த்தை 'கால்டர்'. அதுவும் மந்திரம்தான், அதுவும் பாடுறதுங்கிற வினைச்சொல்லுல இருந்து வந்ததுதான். அந்த வினைச்சொல் இன்னைக்கு மிச்சமிருக்குற ஒரே பிரபலமான இடம் நைட்டிங்கேல், ராத்திரியில பாடுற குருவி. ஸ்பெல்லும் அப்படித்தான், பழைய இங்கிலீஷ்ல ஸ்பெல்னா பேச்சு, கதை, செய்தி, அவ்வளவுதான். நல்ல ஸ்பெல், நல்ல செய்தி, அதுதான் காஸ்பெல்லு ஆச்சு, சர்ச்சுல வாசிக்கிற சுவிசேஷம். பின்னாடிதான் ஸ்பெல்லுக்கு மந்திரம்ங்கிற அர்த்தம் ஏறுச்சு. கிளாமர் இதவிட கூத்து. நம்ம ஊர்ல சினிமா போஸ்டருக்கு பயன்படுத்துற கிளாமர் வந்தது கிராமர்ல இருந்து, ஆமா இலக்கணம்தான், படிச்சவன்னாலே மந்திரம் தெரிஞ்சவன்னு நம்புன காலத்துல ஸ்காட்லாந்துக்காரங்க கிராமர திரிச்சு கிளாமர்னு சொல்லி அதுக்கு கண்கட்டுங்கிற அர்த்தம் வச்சாங்க. தமிழ் வாத்தியார் யாருக்காவது இத சொன்னா சந்தோஷப்படுவாங்க.

இதெல்லாம் புத்தகத்துல இருக்குற விஷயம். நேர்ல எப்படி இருக்கும்னா, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்க பக்கத்துல எந்த பள்ளிவாசல் வாசலுக்கு வேணா போய் பாருங்க. தொழுகை முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்ற நேரத்துக்கு கைப்பிள்ளைய தூக்கிக்கிட்டு அஞ்சாறு பொம்பளைங்க நிப்பாங்க, பாதிப்பேரு நெத்தியில குங்குமத்தோட, சிலபேரு கையில தண்ணி பாட்டில். பிள்ளை ராத்திரி திடுக்குன்னு முழிச்சு அழுகுது, பால் குடிக்க மாட்டேங்குது, பயந்திருக்குன்னு வீட்ல சொல்லியிருப்பாங்க. வர்றவர் குனிஞ்சு வாய்க்குள்ளேயே ஓதுவார், உதடு மட்டும் அசையும், என்ன சொல்றாருன்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேக்காது, கடைசியா பிள்ளை நெத்தியில மெதுவா ஒரு ஊது, தண்ணியிலயும் ஒரு ஊது. ஓதி ஊதுறதுன்னு பேரு. சொல்ல மூச்சுல ஏத்தி பிள்ளை மேல வைக்கிறாங்க. கார்மென், இன்கான்டாரே எல்லாம் இந்த ஒரு ஊதுல இருக்கு.

வீட்டுல சுத்திப் போடுறப்பவும் இதேதான். ஆச்சி உப்பும் வரமிளகாயும் கைக்குள்ள பொத்தி வச்சுக்கிட்டு ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு நாய்க்கண்ணு நரிக்கண்ணுன்னு ஆரம்பிச்சா அடுக்கிக்கிட்டே போவாங்க, யோசிச்சு பாத்தா அதுல எதுகை இருக்கு, மோனை இருக்கு, நடை தப்புச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து சொல்லுவாங்க. நடுவுல அவங்களுக்கு கொட்டாவி வந்துச்சுன்னா திருஷ்டி பலமா இருக்குன்னு அர்த்தம். மருந்துன்னு பாத்தா உப்பும் மிளகாயும் அடுப்புல வெடிக்கிற வெடிதான், ஆனா வாயில சொல்லாம சும்மா சுத்திப் போட்டா எந்த ஆச்சியும் ஒத்துக்க மாட்டாங்க.

அடுத்தது பொருள். சொன்ன சொல்லு காத்துல போயிடும்ல, அத ஒரு பொருள்ல பிடிச்சு வச்சு உடம்புல கட்டணும். இங்கிலீஷ்ல சார்முக்கு மந்திரம்ங்கிற அர்த்தத்தோட மந்திரிச்ச பொருளுங்கிற அர்த்தமும் ரொம்ப காலமா உண்டு, கடைசியில 1860கள்ல வாட்ச் செயின்லயும் கை செயின்லயும் தொங்குற குட்டிக் குட்டி சாமான் எல்லாத்துக்குமே சார்ம்னு பேரு வந்துடுச்சு. விக்டோரியா ராணி காலத்து ஃபேஷன். இன்னைக்கு நகைக்கடையில சார்ம் பிரேஸ்லெட்னு விக்கிறது அதுதான், அதுல இப்ப மந்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு குட்டி ஷூ, ஒரு குட்டி ஈஃபில் டவர்.

ரோமாபுரியில பிள்ளைங்க கழுத்துல 'புல்லா'ன்னு ஒரு உருண்டை தொங்கும், வசதிப்பட்டவங்க தங்கத்துல போடுவாங்க, இல்லாதவங்க தோல்ல. கெட்ட கண்ணு படாம இருக்க. பையன் வளந்து பெரிய ஆம்பளை உடுத்துற துணிய உடுத்துற அன்னைக்கு அத கழட்டி வீட்டு சாமிக்கு வச்சிடுவான். இத படிச்சப்ப எனக்கு உடனே புறநானூறு 77தான் ஞாபகம் வந்துச்சு. தலையாலங்கானத்துப் போருக்கு வந்து நிக்கிற பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு சின்னப் பையன்னு இடைக்குன்றூர் கிழார் சொல்றார், கால்ல கிண்கிணிய இப்பதான் கழட்டியிருக்கான், பால மறந்து இன்னைக்குத்தான் சோறு சாப்பிட்டிருக்கான், "தாலி களைந்தன்றும் இலனே". தாலிய இன்னும் கழட்டக்கூட இல்ல. இது கல்யாணத் தாலி இல்ல, பிள்ளைங்களுக்குப் போடுற ஐம்படைத் தாலி, திருமாலோட சங்கு, சக்கரம், கதை, வாள், வில் அஞ்சையும் குட்டி குட்டியா செஞ்சு கோத்தது. சார்ம் பிரேஸ்லெட்டுக்கு இதவிட நல்ல தமிழ் உதாரணம் எனக்கு தெரியல. கழுத்துல காவல் இன்னும் தொங்குது, கையில வில்லு, எதிர்ல ரெண்டு வேந்தரும் அஞ்சு வேளிரும். போர்ல அவன்தான் ஜெயிச்சான்.

இன்னைக்கு அந்த இடத்துல வசம்பு இருக்கு. குட்டிக் குட்டியா நறுக்குன வசம்பும் கருப்பு மணியும் கோத்து கைக்குழந்தை மணிக்கட்டுல கட்டியிருப்பாங்க, குழந்தை அத வாயில வச்சு சப்பிக்கிட்டே இருக்கும், எச்சில் ஊறி அந்த துண்டு நிறம் மாறியிருக்கும். வசம்புக்கு பிள்ளை வளப்பான்னு ஒரு பேரு. இன்னொரு பேரு பேர் சொல்லாதது. பொழுது சாஞ்சா அதோட பேர வாயில சொல்லக்கூடாது, மளிகைக் கடையில போய் "அண்ணே பேர் சொல்லாதது குடுங்க"ன்னாதான் குடுப்பாங்க, பழைய கடைக்காரங்க இன்னமும் அப்படித்தான். சொன்னா சக்தி வருதுங்கிறது ஒரு பக்கம்னா சொல்லாம வச்சிருந்தா சக்தி நிக்குதுங்கிறது இன்னொரு பக்கம்.

செட்டிநாட்டு வியாபார வீடுகள்ல இந்த சொல் விஷயம் இன்னும் கறாரா இருக்கும். நெல்லு அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணிக்கை போகும். விளக்க அணைன்னு சொன்னா திட்டு விழும், குளுர வைன்னு சொல்லணும். இந்த மாதிரி பாக்குறப்ப இங்கிலீஷ்காரன் ஒரு காரியம் சுளுவா முடிஞ்சா மந்திரம் மாதிரி வேலை செஞ்சுச்சுன்னு சார்ம போட்டு சொல்றது ரொம்ப தூரத்து விஷயமா தெரியல.

சரி, சார்ம்ட் லைஃப்க்கு வருவோம். இந்த தொடர உலகம் பூரா பரப்புனது ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம், 1606 வாக்குல எழுதுனது, அச்சுல வந்தது 1623ல. கடைசி சண்டையில மேக்பெத் எதிரி மேக்டஃப்கிட்ட திமிரா சொல்றான், என்னை வெட்டி வேலைக்கு ஆகாது, என் உயிரு மந்திரிச்ச உயிரு, பொம்பளை வயித்துல பொறந்த எவன் கையிலயும் எனக்கு சாவு கிடையாது. சூனியக்காரிங்க வரவழைச்ச உருவம் ஒண்ணு அவனுக்கு அப்படி சொல்லியிருக்கு. அந்த வரியில ஒரு சின்ன விஷயம் இருக்கு, நாம இப்ப சார்ம்ட்னு ஒரே அசையா சொல்றோம், ஆனா அந்த வரியோட சந்தம் சரியா விழணும்னா சார்-மெட்னு ரெண்டு அசையா இழுக்கணும், ஒரு அசை குறைஞ்சா தட்டு தட்டும். பாட்டுல இருந்து வந்த வார்த்தை பாட்டுக்குள்ள போனதும் பழைய நீளத்துக்கு வந்துடுது.

மேக்டஃப் பதில் என்ன தெரியுமா, நான் பொறக்கல, அம்மா வயித்த கிழிச்சு என்னை முன்கூட்டியே எடுத்தாங்க. முடிஞ்சுச்சு கதை.

இது நமக்கு தெரிஞ்ச கதைதான். மனுஷனாலயும் சாகக்கூடாது, மிருகத்தாலயும் சாகக்கூடாது, பகல்லயும் கூடாது ராத்திரியும் கூடாது, உள்ளயும் கூடாது வெளியவும் கூடாதுன்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி வரம் வாங்குன இரணியன், சாயங்காலம் வாசப்படியில நரசிம்மம் மடியில போட்டு முடிச்சுவிட்டுச்சு. நகரத்தார் ஒன்பது கோயில்ல ஒண்ணான இரணியூருக்கு அந்தப் பேரு வந்ததே இதுனாலதான்னு தலபுராணம் சொல்லும், இரணியனக் கொன்ன தோஷம் போக நரசிம்மர் இங்க வந்து சிவன கும்பிட்டாராம். வரம் குடுக்குறவர் வார்த்தையாலதான் குடுக்குறார், வார்த்தைன்னு வந்துட்டா அதுல சந்து இருக்கும், அந்த சந்து வழியாதான் சாவு வரும். மேக்பெத்துக்கு அது 'பொறந்த'ங்கிற ஒரு சொல்லு. அதனாலதான் சார்ம்ட் லைஃப்னு இங்கிலீஷ்காரன் சொல்லும்போது அதுல பாராட்டு பாதி, இன்னும் எத்தனை நாளைக்குப் பாப்போம்ங்கிறது பாதி. மூணு தடவ தப்பிச்ச பேட்ஸ்மேன பத்தி சொல்றப்ப அடுத்த பந்துல போனாலும் போவான்னுதான் தொனி. லக்கின்னு சொன்னா இந்த வில்லங்கம் வராது.

லக்குங்கிற வார்த்தை எப்படி வந்துச்சுன்னு பாத்தா அது பதினஞ்சாம் நூற்றாண்டு கடைசியில டச்சு, ஜெர்மன் பக்கமிருந்து வந்தது, அநேகமா சூதாட்டம் ஆடுறவங்க கொண்டு வந்த சொல்லா இருக்கணும்னு சொல்றாங்க. பகடை உருளுது, விழுந்தது விழுந்ததுதான், யாரும் ஓதல. நம்ம அதிர்ஷ்டமும் அந்த ஜாதிதான், அ-திருஷ்டம், கண்ணுக்குத் தெரியாதது, எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதது. ராசியான கைங்கிறது வேற. காரைக்குடி பக்கம் முதல் போணி யார் பண்றாங்கன்னு கடைக்காரங்க பாப்பாங்க, அந்த ஆளோட கையில இருந்து நமக்கு ஏதோ வருதுன்னு நம்பிக்கை, அது சார்ம்ட் பக்கம் நெருங்கி வர்ற சொல்லு.

வெளியூர்ல இருந்து கானாடுகாத்தான் செட்டியார் வீடுகள பாக்க வர்றவங்க முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு நடந்துக்கிட்டே இவங்கள்லாம் கொடுத்து வச்சவங்கன்னு சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல எழுதுறவங்களும் சார்ம்ட் வாழ்க்கைங்கிற மாதிரிதான் எழுதுவாங்க. எனக்கு அது பிடிக்கிறதில்ல. பேரேட்டுல உ போட்டு சிவமயம்னு எழுதுனது உண்மைதான், ஆனா அதுக்குக் கீழ இருந்தது வட்டிக் கணக்கு. கீழ் பர்மாவுல முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம், 1938ல 25 சதவீதம், காரணம் மந்திரம் இல்ல, நெல் விலை விழுந்து கடன கட்ட முடியாம ஈடு வச்ச நிலம் இவங்க கைக்கு வந்துச்சு. அப்புறம் 1942ல ஜப்பான்காரன் வந்ததும் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு, கப்பல் கிடைச்சவங்க கப்பல்ல, கிடைக்காதவங்க காட்டு வழியா நடந்தே வந்தாங்க. அந்த நடையில உயிரோட ஊர் வந்து சேந்தவங்களுக்கு வேணா சார்ம்ட்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

அழகுங்கிற அர்த்தம் எப்ப ஒட்டுச்சு? பதினாறாம் நூற்றாண்டு கடைசி, பதினேழாம் நூற்றாண்டு. இவ பார்வையில மந்திரம் இருக்கு, பேச்சுல மந்திரம் இருக்குன்னு கவிஞர்கள் எழுதி எழுதி மந்திரம் போயி இனிமை மட்டும் தங்கிடுச்சு. தமிழ்லயும் இதே வேலை நடந்திருக்கு, வசீகரம்னு இப்ப அழகா சொல்றோம், ஆனா வசீகரணம்ங்கிறது ஆள வசப்படுத்துற மாந்திரீகம், மோகனம் மாரணம் கூட வர்ற சாமான். வசியம்னு சொன்னா இன்னும் பயப்படுவோம், வசீகரம்னு சொன்னா சிரிப்போம், ரெண்டும் ஒரே வேர். சொக்குப்பொடி போட்டுட்டாங்குறது கூட இப்ப சினிமா பாட்டு லெவலுக்கு வந்துடுச்சு.

பாம்பாட்டிக்கு இங்கிலீஷ்ல ஸ்னேக் சார்மர்னு பேரு வந்ததுக்கும் அந்த பழைய அர்த்தம்தான் காரணம். 1611ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல 58ஆம் சங்கீதத்துல எவ்வளவு கெட்டிக்காரத்தனமா சார்ம் பண்ணாலும் கேக்காம காத அடைச்சுக்கிற விரியன் பத்தி வருது, அங்க சார்ம்னா மந்திரம் ஓதுறது. வேடிக்கை என்னன்னா பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, மகுடியோட ராகத்துக்கு அது ஆடல, மகுடி அசையிற அசைவத்தான் அது குறி வச்சு திரும்புது. அந்த விரியனுக்கு எவ்வளவு ஓதினாலும் சார்ம்ட் ஆக வழியில்ல.

பயன்பாட்டுல பிள்ளைங்க குழப்பிக்கிற ஒரு இடம், சார்மிங்கும் சார்ம்டும். சார்மிங்னா மத்தவங்கள மயக்குறவன், சார்ம்ட்னா மயங்குனவன், இல்லாட்டி காப்புக் கட்டுனவன். புதுசா ஒருத்தர அறிமுகப்படுத்தும்போது பழைய காலத்து சீமாட்டிங்க கைய நீட்டி 'சார்ம்ட்'னு ஒத்தை வார்த்தை சொல்லுவாங்க, உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்னு அர்த்தம், இன்னைக்கு அப்படி சொன்னா பாதி நேரம் நக்கல்தான். அதுக்குப் பதிலா சார்மிங்னு சொல்லி வச்சா நான் ரொம்ப அழகன்னு நீங்களே சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடும். சார்ம்ட் சர்க்கிள்னு ஒண்ணு இருக்கு, வெளியாளு உள்ள நுழைய முடியாத செல்வாக்கான கூட்டம், மந்திரவாதி தரையில கோடு கிழிச்சு வட்டம் போடுவான்ல, அதுல இருந்து வந்தது.

இந்த வார்த்தை கடைசியா போய் உக்காந்த இடம் பிசிக்ஸ். அழகப்பா யுனிவர்சிட்டியில பிசிக்ஸ் படிக்கிற பசங்கள கேட்டா சார்ம்ட்னதும் அவங்களுக்கு துகள்தான் ஞாபகம் வரும். குவார்க்னு ஒண்ணு உண்டு, புரோட்டானுக்குள்ள இருக்குற சின்ன சாமான், 1964ல முதல்ல மூணு வகைதான் சொன்னாங்க. எலக்ட்ரான் கூட்டத்துல அப்ப நாலு பேரு தெரிஞ்சிருந்தாங்க, அப்ப இந்தப் பக்கமும் நாலு இருந்தா ஜோடி சரியா வருமேன்னு அதே வருஷம் பியோர்க்கனும் ஷெல்டன் கிளாஷோவும் நாலாவது ஒண்ணு இருக்கணும்னு சொல்லி அதுக்கு சார்ம்னு பேரு வச்சாங்க, அந்த சமச்சீர் அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. 1970ல கிளாஷோவும் இலியோபுலோஸ், மையானி ரெண்டு பேரும் சேந்து இன்னொண்ணு காட்டுனாங்க, கணக்குப்படி நடக்கணும், ஆனா சோதனையில நடக்கவே மாட்டேங்குதுன்னு ஒரு வகை சிதைவு ரொம்ப நாளா இடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நாலாவது குவார்க்க உள்ள வச்சா அது அடிபட்டுப் போயிடுது. வேண்டாதது வராம தடுக்குது, அதாவது தாயத்து வேலை. 1974 நவம்பர்ல பர்ட்டன் ரிக்டர் குழுவும் சாமுவேல் டிங் குழுவும் தனித்தனியா ஒரே துகள கண்டுபிடிச்சு ஒரே நாள்ல அறிவிச்சாங்க, ஒருத்தர் சைன்னு பேரு வச்சார், இன்னொருத்தர் ஜேன்னு வச்சார், விட்டுக் குடுக்காததால இன்னைக்கும் அது ஜே/சை. 1976ல ரெண்டு பேருக்கும் நோபல். அந்த ஜே/சைக்குள்ள சார்ம் குவார்க்கும் அதோட எதிர்த்துகளான எதிர்சார்மும் ஒண்ணா இருக்கறதால வெளியில சார்ம் தெரியாது, அத ஒளிஞ்சிருக்குற சார்ம்னுதான் சொல்றாங்க, தனியா தெரியிற மாதிரி இருந்தாதான் அது முறைப்படி சார்ம்ட் துகள். அப்படி ஒண்ணு டி பிளஸ் மேசான், அதோட ஆயுசு சுமாரா ஒரு செகண்ட லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு. சார்ம்ட் லைஃப்!

விட்டுப் போன ஒண்ணு. கோல்ட்ஃபின்ச்சுங்கிற குருவிக் கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல சார்ம்னு ஒரு பேரு உண்டு, குருவி அழகா இருக்கறதால வச்ச பேருன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. இல்ல. அது 'சிர்ம்'னு ஒரு பழைய இங்கிலீஷ் சொல்லு, கீச்சுகீச்சுன்னு கூட்டமா போடுற சத்தம்னு அர்த்தம், உச்சரிப்பு திரிஞ்சு வந்து இதோட ஒட்டிக்கிச்சு. லத்தீன் கார்மெனுக்கும் அதுக்கும் எந்த சொந்தமும் இல்ல, டிக்ஷனரியில ஒரே தலைப்புக்குக் கீழ போட்டிருந்தா குழம்பிக்காதீங்க.